கூப்பர்ஸ் ஏரிக்கரையில் ஒரு கொசோதெ

பிட்ஸ்பர்க் என்றால் நம்மவர்களுக்குப் பென் ஹில்ஸில் இருக்கும் வெங்கடேஸ்வரர் கோவில்தான். நானும் அந்தப் பெருமாளைச் சேவிக்கத்தான் போனேன். சேவித்துவிட்டுப் புளியோதரையோடு காரில் ஏறியபோது அண்ணன் மகள் சொன்னாள்: "அத்தை, நாளைக்கு உங்களை வேற ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நாலு நாள் கூடாரத்துல தங்கணும். செல்போன், கைக்கடிகாரம், ஜிப் வச்ச பை எதுவும் வெளியில தெரியக் கூடாது. நீங்க தையல் டீச்சர், அதனாலதான் சொல்றேன். ஒரு தடவை பாத்தா விடமாட்டீங்க."

79-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணி நேரம் போனோம். மக்காச்சோள வயல்கள், சிவப்புச் சாயம் பூசிய மரக் களஞ்சியங்கள், பிறகு ஸ்லிப்பரி ராக் என்ற சிற்றூர். அதற்குப் பக்கத்தில் கூப்பர்ஸ் ஏரி. கார் மேட்டில் ஏறி நின்றதும் எதிர்ச்சரிவு முழுக்கக் கூடாரம். கோடு போட்ட கூடாரம், கூம்புக் கூடாரம், மரச்சட்டம் கட்டி வாசல் வைத்த கூடாரம், எல்லாவற்றின் மேலும் கொடி. சங்கிலிக் கவசம் போட்ட ஒருவர் ஐஸ் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு போனார். ரோமானிய உடையில் ஒரு பெண், நம் ஊர்ப் பெண்களைப் போலவே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். நான் பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

இதற்குப் பென்சிக் போர் என்று பெயர். நடத்துவது சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம் என்ற அமைப்பு, சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1966 மே 1-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர்பெற்ற டயானா பாக்ஸன் வீட்டுப் புழக்கடையில் நண்பர்கள் சேர்ந்து ஐரோப்பிய இடைக்கால உடையணிந்து ஒரு வாட்போட்டியும் விருந்தும் நடத்தினார்கள். அந்த ஒரு நாள் கூத்து நிற்காமல் வளர்ந்தது. இப்போது வட அமெரிக்காவையும் அதற்கு அப்பாலும் பல 'ராஜ்யங்களாக'ப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ராஜா ராணி உண்டு. வாட்போட்டியில் வென்றவரே ராஜா. 1972-இல் கிழக்கு ராஜ்யமும் நடு ராஜ்யமும் மோதியதுதான் முதல் பென்சிக். அதிலிருந்து வருடாவருடம் நடக்கிறது; இப்போது ஜூலைக் கடைசியில் தொடங்கி இரண்டு வாரம். கொரோனா காலத்தில் மட்டும் நடக்கவில்லை. பத்தாயிரம் பேர்வரை வருகிறார்கள்.

போரையும் பார்த்தேன். வாள் எல்லாம் பிரம்பு; அதன்மேல் ஒட்டுநாடா சுற்றியிருக்கும். ஆயிரக்கணக்கானோர் இரண்டு வரிசையாக ஓடிவந்து மோதும்போது எழுகிற சத்தம் நெஞ்சுக்குள் கேட்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்துப்போனது அந்தச் சத்தம் அல்ல, ஒரு விதி. அடி சரியாக விழுந்ததா என்று நடுவர் சொல்வதில்லை. அடிபட்டவரே ஒப்புக்கொண்டு விழ வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் யாரும் கவனிக்காத மூலையில் ஒரு வாட்டசாட்டமான மனிதர் "நல்ல அடி" என்று எதிராளியிடம் சொல்லிவிட்டுத் தானாகத் தரையில் சாய்ந்தார்.

உள்ளே வருகிற எல்லோரும் 1600-க்கு முற்பட்ட உடை என்று சொல்லத்தக்க ஒன்றை உடுத்தியிருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கிளைகளில் புதியவர்களுக்கு இரவல் உடை கொடுப்போம், அதற்குத் 'தங்கத் திறவுகோல்' என்று பெயர் என்றாள் அண்ணன் மகள். எனக்கும் ஒரு அங்கி கொண்டுவந்திருந்தாள். நான் வாங்கவில்லை. "புடவையைவிடப் பழசு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, எப்போதும்போல் முன்கொசுவம் வைத்து, தலைப்பைத் தோளில் போட்டு, ஒரு கண்டாங்கிச் சேலையில் உள்ளே நுழைந்தேன். வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

போருக்கு இணையாக இங்கே ஒரு பல்கலைக்கழகம் நடக்கிறது. பென்சிக் பல்கலைக்கழகம் என்றே அதை அழைக்கிறார்கள். திறந்த கூடாரங்களில் காலையிலிருந்து மாலைவரை வகுப்பு. இரண்டு வாரத்தில் ஆயிரத்துக்கு மேல் போகும். கற்பிப்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. தோல் செருப்புத் தைப்பது, அவுரிச் சாயம் போடுவது, பாரசீகச் சமையல், எழுத்தோவியம் என்று நிரலைப் புரட்டப் புரட்ட எனக்கு மூச்சு முட்டியது. அண்ணன் மகள் ஒரு வரியில் விரல் வைத்தாள். 'பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானியப் பெண்ணின் கொசோதெ: வெட்டும் தையலும்.'

அந்த ஆசிரியை ஓய்வுபெற்ற செவிலியர். எழுபதை நெருங்குகிறவர். தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஆசிரியை என்றே சொல்கிறேன். பழுப்பும் கருநீலமுமான கொசோதெ, அதாவது அந்தக் காலத்துக் கிமோனோ, அணிந்து, இடுப்பில் மூன்று விரல் அகலத்தில் ஒரு மெல்லிய பட்டி கட்டியிருந்தார். கிமோனோ என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற, முதுகில் பெரிய முடிச்சு போட்ட அந்த அகலப் பட்டி எங்கே என்று ஒருவர் கேட்டார். "அது பிறகு வந்தது. எடோ என்கிற பிற்காலத்தில்தான் அகன்றது. நாம் அதற்கு முன்னால் நிற்கிறோம்" என்றார்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கொசோதெயை மூங்கில் கழியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். அதில் அங்கங்கே நான்கு நிறத்தில் சின்னச் சின்ன நூல் முடிச்சுகள். நீல முடிச்சு இருந்தால், அந்தப் பகுதி மிஞ்சியிருக்கும் உண்மையான உடையிலிருந்து தெரிந்தது. பச்சை என்றால் ஓவியத்திலிருந்து. மஞ்சள் என்றால் எழுத்திலிருந்து. சிவப்பு என்றால் தன் ஊகம். "எந்த ஆசிரியர் எதைச் சொன்னாலும், அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்" என்றார். இருபத்தெட்டு வருடம் வகுப்பெடுத்தவள் நான். என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்க நான் இடம் கொடுத்ததில்லை. அந்த நான்கு நூல்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாலும் அந்தப் பயணம் எனக்குப் போதும்.

பதினாறாம் நூற்றாண்டுக்கு நீல முடிச்சு நிறையவே கிடைக்கிறது. போர்த்தலைவர் உவேசுகி கென்ஷின் 1578-இல் இறந்தார். அவருடைய உடைகள் யொனெசவா நகரில் அவர் பெயரிலான ஆலயத்தில் இன்றும் இருக்கின்றன. இன்னொரு போர்த்தலைவர் தொகுகாவா இயெயாசுவின் உடைகள் நாகோயாவின் தொகுகாவா கலைக்கூடத்தில் இருக்கின்றன. ஹெய்ஆன் காலம் என்கிற 794 முதல் 1185 வரையிலான காலத்துக்குப் போனால் நீலம் அருகி, பச்சையும் மஞ்சளும் மிகுந்துவிடும். அங்கே கைகொடுப்பவை கெஞ்சி கதை என்ற நாவலுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வரைந்த ஓவியச் சுருள் போன்றவைதான்.

பிறகு துணிச் சுருளை மேசையில் உருட்டினார். எனக்குத் தெரிந்த பாஷை அங்கே தொடங்கியது. இன்றைய ஜப்பானியச் சுருளின் பன்னா, அதாவது துணியின் அகலம், ஏறக்குறைய 36 சென்டிமீட்டர், நீளம் 12 மீட்டர். பதினாறாம் நூற்றாண்டில் பன்னா இன்னும் அகலம். அந்தச் சுருளை நேர்கோட்டில் மட்டுமே வெட்டுகிறார்கள். உடலுக்கு இரண்டு நீளத் துண்டு. கைக்கு இரண்டு. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு அரைப் பன்னாவில் இரண்டு. கழுத்துப் பட்டி ஒன்று, அதன்மேல் உறை ஒன்று. ஆக எட்டுத் துண்டு, எட்டும் நேர்கோடு. கைக்குழி கிடையாது, தோள் சரிவு கிடையாது, கழுத்துக்குக்கூட வளைவு கிடையாது. ஒரு கீறல் போட்டு, மிஞ்சும் துணியை வெட்டி எறியாமல் பட்டிக்குள்ளேயே மடித்து வைத்துவிடுகிறார்கள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். வெட்டுத்துணி என்று ஒரு துணுக்குக்கூட விழவில்லை.

ஏன் இப்படி என்பதற்கு அவர் சொன்ன காரணம் இன்னும் பிடித்தது. துவைக்க வேண்டுமென்றால் உடையை முழுவதும் பிரித்துவிடுவார்கள். துண்டுகளை மறுபடி நீளவாக்கில் ஒன்றோடொன்று சேர்த்தால் பழைய சுருள் திரும்பிவந்துவிடும். அதைத் துவைத்து, விறைப்பாக இழுத்துக் காயவைத்து, மீண்டும் தைத்துக்கொள்வார்கள். முன்மடிப்பில் சாயம் வெளுத்திருந்தால் அந்தத் துண்டை இடம் மாற்றிவிடலாம். பிரிப்பதை மனத்தில் வைத்தே தைப்பதால் எல்லாம் கையால் போடும் ஓடு தையல். எங்கள் பள்ளியில், பிரியாத தையலே நல்ல தையல் என்று சொல்லிக்கொடுத்தேன். பிரிய வேண்டிய நேரத்தில் துணிக்கு நோகாமல் பிரிகிற தையலும் நல்ல தையல்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மாதிரி உடையை ஆளுக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொன்னார். நான் வலப்புறத்தை மேலே கொண்டுவந்து மடித்தேன். அவர் ஓசையில்லாமல் என் கையைப் பிடித்து மாற்றினார். இடப்புறம்தான் மேலே வர வேண்டும். 719-ஆம் ஆண்டிலேயே அரச ஆணை போட்டு முறைப்படுத்தியது அது. வலப்புறம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. அப்புறம் உட்காரச் சொன்னார். முழந்தாளிட்டுக் குதிகாலில் உட்காரும் அந்த ஜப்பானிய இருப்பு என் மூட்டுக்கு ஆகாது என்று தயங்கினேன். "அதுவும் பிற்காலம்தான் பொது வழக்கமானது. அந்தக் காலக் கொசோதெயின் உடல் துண்டு அகலம். நீங்கள் சம்மணமிடலாம், ஒரு முழங்காலை உயர்த்தி வைக்கலாம்" என்றார். ஒரு முழங்காலை உயர்த்தி, அதில் முன்கையைத் தாங்கி உட்கார்ந்தேன். எங்கள் அப்பாயி வெற்றிலை இடிக்கும்போது உட்காரும் அதே இருப்பு. உடை எங்கும் இழுக்கவில்லை. படத்தில் பார்த்திருந்தால் இது எனக்குப் புரிந்திருக்காது. உடுத்தி உட்கார்ந்ததால் புரிந்தது.

மறுநாள் காலை ஹெய்ஆன் அரண்மனைப் பெண்களின் உடை. ஜூனிஹிதோயே, அதாவது பன்னிரண்டு அடுக்கு என்பது பிற்காலத்தில் வழங்கிய பெயர். உள்ளே எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டாக இருக்க வேண்டியதில்லை. நீளமான சிவப்புக் கால்சட்டை, அதன்மேல் ஹிதோயே என்ற ஓரடுக்கு அங்கி, அதன்மேல் ஐந்து அங்கிகள், பிறகு இன்னும் இரண்டு, எல்லாவற்றுக்கும் மேல் குட்டையான ஒரு மேலங்கி, பின்னால் இழுபடும் விசிறி மடிப்பு. ஒரு மாணவியை நடுவில் நிறுத்தி இரண்டு பேர் அரை மணி நேரம் உடுத்தினார்கள். ஆகஸ்ட் வெயிலில் அந்தப் பெண் அசையாமல் நின்றாள். கால்சட்டை பாதத்தைத் தாண்டி இழுபடுவதால் துணிக்குள்ளேயே கால் வைத்து நடக்க வேண்டும். இந்த உடையை நாம் பழங்கதை என்று நினைக்கலாம். 2019 அக்டோபர் 22-ஆம் தேதி டோக்கியோவில் அரியணை ஏற்பு விழாவில் பேரரசி மசாகோ இதன் வழிவந்த உடையில்தான் நின்றார்.

அங்கிகள் ஒவ்வொன்றும் ஒரு நூல் தள்ளி வெளியே தெரியும்படி இருப்பதால், கை விளிம்பில் நிறங்கள் வரிசையாக அடுக்கி நிற்கும். எந்த மாதத்தில் எந்த அடுக்கு என்பதற்கு இலக்கணம் இருந்தது. மினமோதோ நோ மசாசுகே பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய உடைக் கையேட்டில் பட்டியலே இருக்கிறது. 'பனிக்கு அடியில்' என்று ஒரு அடுக்கு: மேலே இரண்டு வெள்ளை, கீழே செம்பிளம் பூவின் நிறம் மூன்று சாயலில், அடியில் ஒரு பச்சை. பனி போர்த்திய கிளையில் பூ. பருவம் தப்பி மூன்றாம் நான்காம் மாதத்தில் செம்பிளம் நிற உடை உடுத்துவதை, சேய் ஷோனகொன் தன் தலையணைப் புத்தகத்தில் மனத்தைச் சோரவைக்கும் காரியங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முன் இருந்த ஒரு பெண்ணின் அந்தச் சலிப்பு எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது!

வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் ஜப்பானிய வம்சாவளி இளம்பெண். கலிஃபோர்னியாக்காரி. ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் உன் முன்னோரின் உடையைக் கற்றுக்கொள்வது உனக்கு எப்படி இருக்கிறது என்று, கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு கேட்டேன். அவள் ஊசியை நிறுத்தவில்லை. "1942-இல் முகாமுக்குப் போகச் சொன்னபோது, கையில் தூக்க முடிந்ததைத்தான் எடுத்துப்போகலாம் என்றார்கள். அதற்கு முன்பே பயந்துபோய் என் கொள்ளுப்பாட்டி வீட்டில் ஜப்பானிய எழுத்து, பொம்மை, கிமோனோ எல்லாவற்றையும் அவர்களே கொல்லையில் எரித்துவிட்டார்கள். எனக்குக் கொடுக்க வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. இவர் நாற்பது வருடம் படித்திருக்கிறார். கொடுக்கிறார். வாங்கிக்கொள்கிறேன்." இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் அளவில் இருந்தார்கள், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்.

அடுத்தவர் பண்பாட்டை வேஷமாகப் போட்டுக்கொள்வது தவறு என்று நினைக்கிறவள் நான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் வேஷம் போடுகிறவர் நீலநூல், சிவப்புநூல் என்று பிரித்துக் காட்டமாட்டார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று முடிச்சுப் போட்டு வைப்பவரிடம் இருப்பது மரியாதை. அங்கே எனக்கு உறுத்திய வேஷங்களும் கண்ணில் பட்டன. இந்தக் கூடாரத்தில் உறுத்தல் இல்லை.

சாயங்காலம் விளையாட்டு. எண்ணெய் விளக்கு வைத்து, பாய் விரித்து, மட்டிச் சிப்பிகளைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக அடுக்கியிருந்தார்கள். நடுவில் கொஞ்சம் வெற்றிடம். இது சிப்பி சேர்க்கும் ஆட்டம். கை-அவாசே என்று இப்போது சொல்கிறார்கள். ஹெய்ஆன் காலக் கடைசியில் பிறந்தது. முழுத் தொகுதி என்றால் 360 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பாதி வட்டத்தில் கவிழ்ந்திருக்கும். மறுபாதியை ஒவ்வொன்றாக நடுவில் வைப்பார்கள். அதன் முதுகில் ஓடும் வரியையும் நிறத்தையும் பார்த்து, வட்டத்தில் அதன் துணையைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்பக்கத்தில் இரண்டிலும் ஒரே படம் தீட்டியிருக்கும், கெஞ்சி கதைக் காட்சிகள் போல. ஆனால் படம் வெறும் சாட்சிதான். உண்மையான சோதனை சிப்பியின் கீல். ஒரு மட்டியின் இரண்டு ஓடும் பல்லோடு பல் பொருந்தும்; வேறு எந்த ஓட்டோடும் பொருந்தாது. அதனால்தான் பிற்காலத்தில் பிரபுக்கள் வீட்டுக் கல்யாணச் சீர்வரிசையில் எண்கோணப் பெட்டியில் இந்தச் சிப்பிகளை வைத்து, ஊர்வலத்தின் முன்னால் கொண்டுபோனார்கள்.

ஆசிரியையிடம் இருந்தது அறுபது ஜோடி. அட்லாண்டிக் கரையில் வாங்கிச் சமைத்துத் தின்ற மட்டிகளைப் பதினோரு வருடமாகக் கழுவிக் காயவைத்துப் படம் வரைந்தது. நான் மூன்று ஜோடி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு ஓடும் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே மறுபடி மறுபடி குனிந்தேன்.

பக்கத்துப் பாயில் சுகொரொகு. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம், ஆளுக்குப் பதினைந்து காய், குழலில் போட்டுக் குலுக்கும் இரண்டு பகடை. மேற்கே பேக்காமன் என்று ஆடுவதன் உறவு. சீனம் வழியாக ஜப்பானுக்குப் போனது. சூதாட்டமாகி ஊரைக் கெடுத்ததால் 689-இல் பேரரசி ஜிதோ ஆட்சியில் அதைத் தடைசெய்தார்கள். தடை பலிக்கவில்லை. நாராவில் எட்டாம் நூற்றாண்டுப் பேரரசர் ஷோமுவின் பொருள்களைக் காக்கும் ஷோசோயின் கருவூலத்திலேயே சுகொரொகுப் பலகைகள் இருக்கின்றன! கமோ ஆற்று வெள்ளம், சுகொரொகுப் பகடை, ஹியெய் மலைத் துறவிகள் ஆகிய மூன்றும் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று பேரரசர் ஷிராகவா வருந்தியதாக ஒரு பழங்கதை உண்டு. தாயம் ஆடிப் பழகிய எனக்குப் பகடையின் அந்தப் பிடிவாதம் புதிதல்ல. கெமாரி என்கிற பந்தாட்டத்தை வெளியே புல்வெளியில் இளைஞர்கள் ஆடினார்கள்; மான்தோல் பந்தைத் தரையில் விழாமல் காலால் தட்டித் தட்டி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். வெற்றி தோல்வி இல்லை, எல்லோரும் சேர்ந்து எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள். இருட்டும்வரை ஆடியும் பதினேழைத் தாண்டவில்லை.

அன்றிரவு இடியும் மழையும். கூடாரத்துக்குள் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்திருந்தபோது, ஆசிரியை ஒரு மரப்பெட்டியைத் திறந்து துணி மாதிரிகளைக் காட்டினார். ஜப்பானில் பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் பருத்தி பரவலானது. அதற்கு முன் எளியவர்கள் உடுத்தியது நாரிழைத் துணி. பெட்டியின் அடியில் கருநீலத்தில் மெல்லிய சிவப்புக்கோடு ஓடும் ஒரு பருத்தித் துண்டு. "இது நம் காலக்கோட்டுக்குச் சற்றுப் பிந்தியது, அதனால் வகுப்பில் காட்டுவதில்லை. கப்பலில் வந்த கோட்டுத் துணி. இதன் பெயர் சாந்தோமெ" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மயிலாப்பூரில் வாக்கப்பட்டு, முப்பது வருடம் சாந்தோம் நெடுஞ்சாலையில் பஸ் ஏறியவள் நான். அதே சாந்தோம்தான். போர்த்துகீசியர் சான் தோமே என்று பெயர் வைத்த நம் மயிலாப்பூர்க் கரை. சோழமண்டலக் கரையின் கோடிட்ட பருத்தித் துணி அந்தத் துறையின் பெயராலேயே ஜப்பானில் வழங்கியது. கடல் கடந்து வந்ததால் 'தோ' என்ற முன்னொட்டுச் சேர்ந்து, பிறகு சுருங்கி, 'தோசான்' ஆனது. எடோ நகரத்து வணிகர்கள் விரும்பி உடுத்தினார்கள். கப்பல் துணி போதாமல் உள்ளூரிலேயே நெய்யத் தொடங்கினார்கள். சிபா மாகாணத்தின் தத்தேயாமாவில் தோசான் நெசவு இன்றும் இருக்கிறது. அந்தத் துண்டை விளக்கருகே பிடித்து இழையை எண்ணினேன். நம் ஊரில் அந்தப் பெயரில் ஒரு துணி இருந்ததே யாருக்கும் நினைவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் ஆசிரியை என் சேலையைக் காட்டிக் கேட்டார். "வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். எவ்வளவு அழகாக விழுகிறது! இந்தக் கட்டு எந்த நூற்றாண்டு?"

ரொம்பப் பழசு என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. விருந்தாளியிடம் கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். நானே கேட்டுக்கொண்டேன். தைக்காத நீளத்துணி பழசு, அதில் ஐயமில்லை. ஆனால் உள்பாவாடையில் செருகிய முன்கொசுவம், ரவிக்கை, இடத்தோளில் தலைப்பு என்று நான் கட்டியிருந்த முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்துத் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி போன்றவர்கள் பரப்பியதிலிருந்து வளர்ந்தது. காரைக்குடிப் பக்கத்துக்காரியான என் அப்பாயி இப்படிக் கட்டியதே இல்லை. அவர் கட்டியது பின்கொசுவம். ரவிக்கை போட்டதில்லை. கொசுவத்தைப் பின்னால் எடுத்து, விசிறிபோல விரித்துச் செருகி, இடுப்பைச் சுற்றிக் கொண்டுவருவார். தினமும் பார்த்தேன். ஒருநாளும் கட்டிப் பார்க்கவில்லை. அவர் 1987-இல் போய்விட்டார்.

இதை ஆசிரியையிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவு போதும். நாளைக்குக் கட்டிப் பார்ப்போம்" என்றார்.

கடைசி நாள் காலை, சேறு மணக்கும் அந்தக் கூடாரத்தில் அண்ணன் மகளை நிறுத்தி வைத்துக் கட்டினோம். இரண்டு முறை அவிழ்ந்தது. கொசுவத்தை இடமிருந்து மடித்தாரா வலமிருந்தா என்பது தெரியவில்லை. சுற்று எந்தப் பக்கம் போனது என்பது கைக்கு நினைவிருந்தது, வாய்க்கு இல்லை. மூன்றாம் முறை நின்றது. "அத்தை, நடந்தாலும் நிக்குது!" என்று அவள் கூடாரத்தைச் சுற்றி வந்தாள். சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேர் ஒவ்வொரு மடிப்பையும் வரைந்துகொண்டார்கள். ஆசிரியை பெட்டியைத் துழாவி, நான்கில் எதுவும் இல்லாத ஐந்தாவது நிறத்தில், வெள்ளை நூலில் ஒரு முடிச்சை எடுத்துக் கொசுவத்தில் கட்டினார். சீட்டில் எழுதினார்: 'பேத்தியின் நினைவிலிருந்து. காரைக்குடி. 1970-கள்.'

ஊர் திரும்பியதும் அப்பாயி கட்டியதுபோல் கட்டத் தெரிந்தவர்களைத் தேடத் தொடங்கினேன். இதுவரை இரண்டு ஆச்சிகள் கிடைத்திருக்கிறார்கள். இருவரும் எண்பதைத் தாண்டியவர்கள், இருவர் கட்டும் ஒன்றுபோல் இல்லை. பின்கொசுவமோ வேறு பழைய கட்டோ தெரிந்தவர் உங்கள் வீட்டில், தெருவில் யாராவது இருந்தால், வருகிற பொங்கலுக்குள் ஒரு சேலையை எடுத்துக்கொண்டு போய்க் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ எடுத்தால் மட்டும் போதாது, உங்கள் இடுப்பில் கட்டிப் பாருங்கள். அவர் ஊர் எது, யாரிடம் எந்த வயதில் கற்றார், சேலை எத்தனை முழம், கொசுவம் எத்தனை மடிப்பு, சுற்று எந்தப் பக்கம் என்பதை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.